மரை கழண்ட கதை

உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

எங்கள் ஆவடி வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பெருக்கும்போது துடைப்பக்கட்டை அதில் இடித்து ‘டங்’ என்று சத்தம் வரும். சத்தம் வந்தால் கட்டிலுக்கு அடியிலும் பெருக்கியாகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அந்தப் பெட்டியால் எனக்கு உபயோகம் இருந்ததில்லை.

பெட்டி அப்பாவுடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் டர்னராக இருந்தவர். போன வருஷம் காலமாகிவிட்டார். இந்த வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம் என்று முடிவானதும் கட்டில் நகர்ந்தது, பெட்டி வெளியே வந்தது, காயலான் கடைக்காரர் தராசோடு வந்து உட்கார்ந்தார்.

ஸ்பேனர், சுத்தியல், உளி, கேலிப்பர்... ஒவ்வொன்றாகத் தராசில் போட்டுக்கொண்டே வந்தவன், ஒன்றில் மட்டும் நின்றுவிட்டேன்.

ஒரு சாண் நீளத்தில் இரும்புப் பட்டை. ஒரு முனையில் மரப்பிடி. மறுமுனையில் வரிசையாக எட்டே எட்டுப் பல். நடுவில் ‘24’ என்று எண் பொறித்திருந்தது. அந்த 4 கொஞ்சம் சாய்ந்து, சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்த ஆள் மாதிரி இருந்தது.

“இது என்ன?” என்றேன்.

“பேன் சீப்பு” என்றாள் என் சகதர்மிணி.

“இரும்பிலயா?”

“உங்க வம்சத்து முடிக்கு இரும்புதான் தாங்கும்.”

இரண்டாம் கிளாஸ் படிக்கும் என் மகள், “டைனோசர் பல்லுப்பா” என்றாள். எதிர்வீட்டு ரிடையர்டு பேங்க் மேனேஜர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்து, “ஏதோ ஒரு டூல்” என்று தீர்ப்பு சொன்னார். செல்போனில் படம் பிடித்துத் தேடினேன். மீன் செதில் சீவும் கருவி என்றது. நாங்கள் மூன்று தலைமுறையாக சைவம் சார்!

காயலான் கடைக்காரர் பொறுமை இழந்தார். “இன்னான்னு தெரியாட்டி இன்னா சார்? இரும்பு இரும்புதான். பேர் இருந்தாலும் கிலோ அதே ரேட்டுதான்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நான் பி.காம். எந்தச் சாமானுக்கும் வருஷா வருஷம் தேய்மானம் கழித்து, கடைசியில் ஸ்கிராப் மதிப்பு எழுதி, ஏட்டை மூடு என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அதுவரை வாசல்படியில் உட்கார்ந்து பேசாமல் இருந்த அம்மா சொன்னாள். “போடறதுன்னா போடு. ஆனா இன்னதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடு. அவர் கையால பிடிச்ச சாமான். பேர் தெரியாத பொணத்தை எடுத்துட்டுப் போற மாதிரி அனுப்பாதே.”

தராசில் போட்டதையெல்லாம் திரும்பப் பெட்டியில் வைத்தேன். “அடுத்த ஞாயித்துக்கெழம வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார் காயலான். ஆக, எனக்குக் கெடு ஒரு வாரம்.

சனிக்கிழமை காலை அந்த இரும்பைப் பழைய துண்டில் சுற்றி, ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டு ஆவடி ஸ்டேஷனுக்குப் போனேன்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆவடி என்பது ஊர்ப்பெயரே இல்லை, ராணுவ வண்டிகளும் டிப்போவும் இருக்கிற இடத்துக்கான இங்கிலீஷ் எழுத்துக்களின் சுருக்கம் என்று ரயிலில் யாராவது ஒருவர் உங்களுக்கு அடித்துச் சொல்வார். நம்பாதீர்கள். டாங்க் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது 1965-ல். அதற்குப் பத்து வருஷம் முந்தி, 1955 ஜனவரியில், காங்கிரஸ் மகாநாடு இங்கே கூடி சோஷலிஸ பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டபோதே இந்த ஊர் ஆவடிதான். எந்த ஒரு பெயரையும் கேட்டவுடன் நம்பக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு அதுதானே வேலை!

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது இந்தத் தடத்தில்தான். அந்தப் பெருமையை நினைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர்... பட்டரவாக்கத்தில் கூட்டம் என்னையும் சேர்த்துக் கீழே கொட்டியது. இறங்கினால் எஸ்டேட்.

வேறு ஊர்களில் பஸ் நிறுத்தத்துக்குக் கோயில் பெயர் இருக்கும், தலைவர் பெயர் இருக்கும். எங்கள் பக்கத்தில் கம்பெனி பெயர். “லூகாஸ் ஒண்ணு, டன்லப் ஒண்ணு” என்று டிக்கெட் கேட்கிறவர்கள் நாங்கள். அம்பத்தூர் ஓ.டி.யில் உள்ள ‘ஓ.டி.’க்கு என்ன விரிவு என்று மூன்று பேரைக் கேளுங்கள், மூன்று பதில் கிடைக்கும். ‘ஓவர்டைம்’ என்று சொன்னவரும் உண்டு. இந்த ஊருக்கு அதுவும் பொருத்தமே!

எஸ்டேட் 1964-ல் வந்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேல். பெரிய ஆலைகள் வண்டியும் சைக்கிளும் செய்ய, அவற்றுக்கு வேண்டிய நட்டு, புஷ், பின், ஸ்பிரிங் எல்லாவற்றையும் சின்னப் பட்டறைகள் செய்து கொடுக்கும். அப்பா அப்படி ஒரு பட்டறையில்தான் நின்றார். நான் சொல்வது எழுத்துப் பிழை இல்லை. லேத்துக்காரர்கள் உட்கார மாட்டார்கள்.

இப்போது எஸ்டேட்டில் பாதி கண்ணாடிக் கட்டிடம். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக டீ குடிக்கிறார்கள். ஆனால் மெயின் ரோட்டை விட்டு ஒரு தெரு உள்ளே போனால் போதும், கட்டிங் ஆயில் வாசனை வந்து மூக்கைப் பிடிக்கும். எனக்கு அது அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்கிற வாசனை.

முதலில் ஒரு கம்ப்யூட்டர் லேத் பட்டறை. டிப்ளமோ படித்த தம்பி ஒருவர் என் இரும்பை வாங்கிப் பார்த்தார்.

“மரைக்கும் இதுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கு சார்” என்றார்.

மரை என்றால் நட்டு போல்ட்டில் சுற்றிச் சுற்றிப் போகிறதே, அந்தப் புரி. ‘மரை கழண்டவன்’ என்று நாம் அன்போடு சிலரைக் கூப்பிடுகிறோமே, அதே மரை.

தம்பி டிராயரிலிருந்து விசிறி மாதிரி விரியும் ஒரு சாமானை எடுத்தார். பேனாக்கத்தியில் இருபது முப்பது பிளேடு இருந்தால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு பிளேடிலும் ஒவ்வொரு அளவில் பல். பிட்ச் கேஜ் என்று பெயராம். மரைக்கும் மரைக்கும் எத்தனை தூரம் என்று ஒட்டவைத்துப் பார்ப்பது. ஒரு மில்லிமீட்டர் பிளேடை என் இரும்பின் பல்லோடு சேர்த்தார். முதல் இரண்டு மூன்று பல் அழகாகப் பொருந்தியது. போகப் போக விலகி, எட்டாவது பல் முரண்டு பிடித்தது.

“ஒண்ணுன்னா ஒண்ணு இல்ல சார். கொஞ்சம் ஜாஸ்தி. இது எங்க காலத்துச் சாமான் இல்ல. பின் தெருவுல ஒரு பெரியவர் இருக்காரு, டீக்கடைல கேளுங்க.”

பெரியவர் டீக்கடை பெஞ்சில் இருந்தார். எழுபது வயதுக்கு மேல். வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும் தினம் காலையில் எஸ்டேட்டுக்கு வந்துவிடுவாராம். “வீட்ல சத்தமே இல்லப்பா, தூக்கம் வர மாட்டேங்குது” என்றார்.

துண்டைப் பிரித்து நீட்டினேன். அவர் இரும்பைப் பார்க்கவே இல்லை. கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு கட்டை விரலைப் பல்லின் மேல் ஓட்டினார். குருடர் எழுத்துப் படிக்கிற மாதிரி.

“சேசர்” என்றார்.

“என்னங்கய்யா?”

“திரெட் சேசர். கையால மரை போடறது. லேத்துல பித்தளைய ஓடவிட்டு, இதைக் கையில புடிச்சு மரை இழுப்பாங்க. இப்ப எவன் செய்றான்? மரை அடிபட்டுப் போனா அதைச் சீவிச் சரி பண்ணவும் வெச்சுக்குவாங்க. தலை சீவற மாதிரி.”

என் மனைவி சொன்ன சீப்பு! பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கருவிக்கு வைத்திருக்கும் பெயரே ‘மரை போடும் சீப்பு’ என்றுதான் வருகிறது. வீட்டில் இதைச் சொல்லாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். கடைசியில் சொல்லித் தொலைத்தேன்.

“24-னு போட்டிருக்கே ஐயா?”

“24 டி.பி.ஐ.”

எனக்குப் பிடிபட்டுவிட்டது! ஆவடியில் பிறந்தவனுக்கு டி.பி.ஐ. தெரியாதா? டியூப் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1955-லிருந்து எங்கள் ஊரில் குழாய் செய்கிற கம்பெனி.

“அப்ப இது டி.பி.ஐ. கம்பெனி சாமானா? அங்க 24-ஆம் நம்பர் ஷெட்டா?”

பெரியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டீக்கடைக்காரரும் பாய்லரை விட்டுவிட்டுப் பார்த்தார்.

“தம்பி என்ன படிச்சிருக்கே?”

“பி.காம்.”

“ஓ...” என்றார். அந்த ‘ஓ’ பட்டரவாக்கத்திலிருந்து கொரட்டூர் வரை நீண்டது.

அப்புறம் பாவப்பட்டு விளக்கினார். டி.பி.ஐ. என்றால் ஓர் அங்குலத்தில் எத்தனை மரை என்கிற கணக்கு. அங்குலத்துக்கு 24 மரை என்றால், ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடையில் சுமார் 1.06 மில்லிமீட்டர். தம்பியின் ஒரு மில்லிமீட்டர் பிளேடு தொடக்கத்தில் ஒத்துப்போய்க் கடைசியில் சண்டை போட்டது இதனால்தான்.

ஒரு காலத்தில் பட்டறைக்குப் பட்டறை மரை வேறாக இருந்ததாம். இவன் போல்ட் அவன் நட்டில் ஏறாது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்கிறவர் 1841-ல் எல்லோருக்கும் ஒரே மாதிரி மரை என்று திட்டம் போட்டார். அவர் மரையின் கோணம் 55 டிகிரி. பின்னால் வந்த மற்ற மரைகள் பெரும்பாலும் 60 டிகிரி.

பெரியவர் பக்கத்துப் பட்டறைக்கு ஆளனுப்பி, அங்குல அளவு பிட்ச் கேஜ் ஒன்றை வரவழைத்தார். விட்வொர்த் கேஜ். 24 என்று போட்ட பிளேடை எடுத்து என் இரும்பில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

“தூரம் சரியா இருக்கு. ஆனா பல்லோட பக்கவாட்டுல மெல்லிசா வெளிச்சம் தெரியுது பாரு. இது 55 இல்ல, 60. அறுபதும் இருபத்துநாலும் சேர்ந்தா ரெண்டு பேர்தான். ஒண்ணு மோட்டார் வண்டி போல்ட். இன்னொண்ணு சைக்கிள்.”

“எதுங்கய்யா?”

பதில் சொல்லாமல் எழுந்து போய், பட்டறைக் குப்பையிலிருந்து ஒரு அங்குல கனத்தில் உருண்டைக் கம்பி ஒன்றைப் பொறுக்கி வந்தார். இரும்பின் பல்லை அதன் மேல் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒவ்வொரு பல்லும் நுனியில் லேசாகக் குழிந்து, அந்த உருண்டைக்கென்றே அளவெடுத்த மாதிரி.

“மோட்டார் போல்ட்ல இருபத்துநாலு வர்றது சின்ன சைஸு. இது ஒரு இஞ்ச். சைக்கிள் ஃபோர்க்கு தம்பி. ஹாண்டில்பார் போய் மாட்டுதே, அந்தத் தண்டு மேல இருக்கிற மரை.”

சைக்கிள்! அம்பத்தூரில் சைக்கிள் இல்லாமல் எந்தக் கதை முடியும்? டி.ஐ. சைக்கிள்ஸ் இங்கே தொடங்கியது 1949-ல். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று இந்த ஊர் அனுப்பிய சைக்கிள்களில்தான் தமிழ்நாடே பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்கும் போனது. பி.எஸ்.ஏ. என்பதன் விரிவு தெரியுமோ? பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-ல் துப்பாக்கி செய்வதற்காக இங்கிலாந்தில் ஆரம்பித்த கம்பெனி. துப்பாக்கிக்காரன் பெயரை மிதித்துக்கொண்டுதான் நாம் டியூஷனுக்குப் போயிருக்கிறோம்.

பெரியவர் இன்னும் இரும்பைக் கீழே வைக்கவில்லை. திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே மங்கலாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்.

“இது கடையில வாங்கினது இல்ல. இது ஒரு அரம். தேஞ்சு போன அரம். தூக்கி எறிய வேண்டியதை எடுத்து யாரோ சேசர் பண்ணியிருக்கான்.”

எப்படிச் செய்திருப்பார்கள் என்றும் சொன்னார். அரம் கடினமான இரும்பு, அப்படியே வெட்ட முடியாது. தணலில் செக்கச் செவேலென்று காய்ச்சி, சாம்பலில் புதைத்து ராத்திரி முழுக்க மெதுவாக ஆறவிட வேண்டும். இளகிவிடும். பிறகு அதே அளவு மரை உள்ள டேப்பை லேத்தில் சுற்றவிட்டு, இதன் முனையை அதில் அழுத்திப் பிடித்தால் பல் விழும். மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்கினால் பழையபடி கடினம். வெறும் கடினமாக இருந்தால் உடைந்துவிடும் என்பதால், திரும்ப லேசாகச் சூடு காட்டி வைக்கோல் நிறம் வரும்போது நிறுத்த வேண்டும்.

டீக்கடைக்குள்ளிருந்து ஒரு சின்ன அரத்தை வாங்கிப் பல்லின் மேல் தேய்த்துக் காட்டினார். வழுக்கிக்கொண்டு போனது. பிடிப் பக்கம் தேய்த்தார். கீறல் விழுந்தது.

“வேணுங்கற எடத்துல மட்டும் கடினம். செஞ்சவன் தொழில் தெரிஞ்சவன். யாரு?”

“எங்கப்பா.”

இந்த முறை பெரியவர் ‘ஓ’ சொல்லவில்லை. இரும்பைத் துண்டில் அவரே சுற்றிக் கொடுத்தார். “பூந்தமல்லியில என் மச்சான் சைக்கிள் கடை வெச்சிருக்கான். பழைய ஃபோர்க் இருக்கும். ஒரு தடவ வெச்சுப் பாத்துடு” என்றார். டீக்குக் காசு கொடுக்கவும் விடவில்லை.

ஷேர் ஆட்டோவில் அயனம்பாக்கம், வானகரம் என்று குலுங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து மத்தியானம் பூந்தமல்லி போய்ச் சேர்ந்தேன். பூவிருந்தவல்லி. காஞ்சி வரதருக்குப் பூ கொண்டு போன திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். நான் கொண்டு போனது இரும்பு.

கடைக்காரர் உத்தரத்தில் தொங்கிய பழைய ஃபோர்க் ஒன்றைக் கழற்றி வைஸில் பிடித்தார். சேசரை வைத்தார். எட்டுப் பல்லும் எட்டு மரையில் இறங்கின. ‘கிர்ர்’ என்று ஒரு சுற்று இழுத்ததும் துரு உதிர்ந்து, மரை பளிச்சென்று கண் திறந்தது.

“இப்பல்லாம் மரை போனா ஃபோர்க்கையே மாத்திடறோம் சார். இத வெச்சுக்கிட்டு எவன் குந்தி இழுத்துக்கிட்டு இருப்பான்?” என்றார்.

மரை போனா ஃபோர்க்கையே மாத்தணும்.

இந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். 2000-ஆவது வருஷம். ஏழாங்கிளாஸ். என் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். சைக்கிளோடு திருமுல்லைவாயலில் ஒரு மாட்டு வண்டி மேல் மோதினேன். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சைக்கிளின் ஹாண்டில் பக்கம் அடிபட்டு, மேல் நட்டு ஏறவே மாட்டேன் என்றது. ஆவடிக் கடையில் இதைத்தான் சொன்னார்கள்.

“ரெண்டு மூணு நாள் பொறு” என்றார் அப்பா.

மூன்று நாள் நடந்து பள்ளிக்கூடம் போனேன். “எங்கப்பா சரியான கஞ்சன்டா, ஒரு ஃபோர்க் வாங்கித் தர மாட்டேங்கறார்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். மூன்று ராத்திரியும் அவர் நான் தூங்கிய பிறகு வந்தார். நாலாம் நாள் காலையில் சைக்கிள் வாசலில் தயாராக நின்றது. “புதுசே போட்டிருக்கலாம்ல?” என்று கேட்டேன். ஸ்டாண்டை எடுத்துவிட்டு, “ஓட்டிப் பாரு” என்றார், அவ்வளவுதான்.

பிறகு பத்தாவது முடித்ததும், “லீவுல பட்டறைக்கு வரியா, கொஞ்சம் கத்துக்க” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். “எனக்கு அதெல்லாம் வராதுப்பா, நான் காமர்ஸ்” என்றேன். “சரி” என்றார். இரண்டாம் தடவை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரத்தைக் காய்ச்சியது, சாம்பலில் புதைத்தது என்று வரும்போது அம்மா நிறுத்தினாள்.

“சாம்பலா?”

“ஆமா. ஏன்?”

“பாத்திரம் தேய்க்க வெந்நீர் அடுப்புச் சாம்பலைச் சலிச்சு டின்ல வெச்சிருந்தேன். ஒருநாள் டின்னோட எடுத்துட்டுப் போயிட்டார். எதுக்குன்னு கேட்டா, ‘பையனுக்கு’ன்னார். சாம்பல் எதுக்குடா பையனுக்குன்னு அன்னிக்கு நான் போட்ட சண்டை இருக்கே...”

அம்மா இரும்பைக் கையில் வாங்கி அந்தச் சாய்ந்த 4-ஐ முந்தானையால் துடைத்தாள். “சொல்லியிருக்கலாம் மனுஷன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி காயலான் வந்தார். “இன்னா சார், பேர் கண்டுபுடிச்சியா?”

“சேசர்.”

“சரி, தராசுல போடு.”

பழைய பேப்பர்தான் இருக்கிறது என்று சொல்லி எட்டு கிலோ பேப்பர் போட்டேன். கணக்குப்படி அந்த அரத்துக்கு என்றைக்கோ தேய்மானம் முழுதும் கழிந்து, ஸ்கிராப் மதிப்பும் எழுதியாகிவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு சாமான் வேலை செய்தால் எந்தப் பத்தியில் எழுதுவது என்று காலேஜில் சொல்லித் தரவில்லை.

வெள்ளையடித்து முடிந்து கட்டில் பழைய இடத்துக்கு வந்தது. அடியில் பெட்டியும். பெருக்கினால் ‘டங்’.

பெட்டியில் பெயர் தெரியாத சாமான் இன்னும் பதினொன்று இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை பட்டரவாக்கம் போகிறேன். இந்த முறை டீக்குக் காசு நான்தான் கொடுப்பேன்.